கெவலார் போத்தல்

என் அத்தான் பீலிக்ஸ் ஹனோவரில் பஸ் ஓட்டுகிறவர். கதவை மூடிய பிறகும் யாராவது ஓடிவருவதைக் கண்ணாடியில் கண்டால் திரும்பத் திறந்துவிடுவார். நேரம் பிந்துகிறது என்று பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அதை அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். மன்னாரிலிருந்து புறப்பட்டது, அகதி முகாமில் கிடந்தது, உணவகத்தில் கோப்பை கழுவியது, டொச் மொழி படித்து பஸ் லைசென்ஸ் எடுத்தது, இதெல்லாம் எங்கள் ஆட்களில் பாதிப்பேரிடம் இருக்கிற கதைதான். அதை நீட்டி முழக்க எனக்குப் பொறுமை இல்லை. நான் சொல்ல வந்தது அவருடைய கண்ணைப் பற்றியும் அவர் காய்ச்சுகிற பியரைப் பற்றியும்.

நான் சுஜீவா. அத்தானின் மனைவி அன்ரனிற்றா என் கூடப்பிறந்த அக்கா. அவர்கள் மூன்றாம் மாடி, நான் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. பேக்கரியில் நின்று விற்கிற வேலை எனக்கு. வாய் கொஞ்சம் நீளம் என்று அக்கா சொல்வாள். சொல்லட்டும். வேலையில் நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்து வாய் நோகிறவளுக்கு வீட்டிலாவது நினைத்ததைச் சொல்ல விடவேண்டாமா?

அத்தானுக்கு இந்தப் பியர்ப் பைத்தியம் பிடித்தது டிப்போவில். கூட வேலை செய்கிற ஜேர்மன்காரர் ஒருவர் தன் வீட்டில் காய்ச்சிய பியர் என்று ஒரு போத்தல் கொடுத்திருக்கிறார். இவர் குடித்துவிட்டு, இதை வீட்டிலேயே செய்யலாமா என்று வாயைப் பிளந்திருக்கிறார். அடுத்த கிழமை பெரிய பானை ஒன்று, மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்று, றப்பர்க் குழாய், வெறும் போத்தல்கள் என்று கெல்லர் நிறையச் சாமான் வந்து இறங்கியது. கெல்லர் என்றால் கட்டடத்தின் அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கியிருக்கிற அறை. உருளைக்கிழங்கும் பழைய சைக்கிளும் வைக்கிற இடம். "கஞ்சி காய்ச்சத் தெரியாத மனுசன் பியர் காய்ச்சப் போறாராம்" என்று நான் அக்காவிடம் சொன்னேன். அது அவர் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னேன்.

முதல் தடவை காய்ச்சியது புளித்துப்போனது. அப்படியே வடிகாலில் ஊற்றினார். எதனால் கழுவினாய் என்று அந்த ஜேர்மன்காரர் கேட்டிருக்கிறார். சவர்க்காரத்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன் என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு என்று அவர் விளங்கப்படுத்தினாராம். முதலில் அழுக்குப் போகக் கழுவவேண்டும், அதற்குப் பிறகு கிருமி போக மருந்து போடவேண்டும். அழுக்கு இருக்கிற இடத்தில் மருந்தை ஊற்றினாலும் அது வேலை செய்யாது.

இரண்டாவது தடவை அக்கா குளியலறை கழுவுகிற குளோரின் தண்ணியை எடுத்துக்கொண்டு போய் வாளிக்கு ஊற்றினார். அந்தப் பியரில் ஆஸ்பத்திரி மணம் அடித்தது. காயத்துக்குக் கட்டிய துணியைப் பிழிந்து குடித்த மாதிரி என்று நான் சொன்னேன், அதற்கு அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாவது தடவைதான் சரியான சாமானை வாங்கினார். பியர் காய்ச்சுகிறவர்களுக்கென்றே விற்கிற அமிலம் அது. துளியளவு எடுத்து நிறையத் தண்ணீரில் கலந்தால் நுரைத்துக்கொண்டு வரும். அந்த நுரையை வாளி, குழாய், போத்தல் எல்லாவற்றிலும் படவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து வடியவிட்டால் சரி. திரும்பத் தண்ணீரால் அலசவும் தேவையில்லை. அவர் அதற்கு நுரை மருந்து என்று பெயர் வைத்தார். அந்தத் தடவை வந்த பியரை நான் குடித்துப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்றேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை அவரிடம் சொல்லிவிட்டு யார் பிறகு அவருடைய தலைக்கனத்தைப் பார்க்கிறது?

அன்றிலிருந்து அந்த நுரை மருந்துக்கு அவர் காட்டிய மரியாதையைத் தன் கலியாணத்தை நடத்திவைத்த சுவாமிக்குக்கூடக் காட்டியிருக்க மாட்டார். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு முழங்கை வரைக்கும் உறை. முதலில் வாளியில் தண்ணீர், அதற்குள்தான் மருந்து. ஒருநாளும் மாறிச் செய்ய மாட்டார். ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து எடுப்பார். கெல்லர் ஜன்னலைத் திறந்துவிடுவார். குளோரினும் இந்த அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும் என்று வாசித்த அன்றைக்கே, குளோரின் போத்தலை மேலே கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்து, இது கெல்லர்ப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். இவ்வளவு பத்திரமான மனிதர்.

ஆனால் பாவிக்கும்போது இருந்த பத்திரம் எடுத்து வைக்கும்போது இல்லை. எடுத்து வைக்கும்போது அவரும் எங்களில் ஒருவர்தான். எங்கள் வீடுகளில் எந்த டப்பாவும் வெளியில் எழுதியிருப்பதை உள்ளே வைத்திருந்ததாகச் சரித்திரம் இல்லை. ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்தால் மீன்குழம்பு இருக்கும். பிஸ்கட் தகரத்தில் நூலும் ஊசியும். ஜாம் போத்தலில் மிளகாய்த்தூள். இந்த ஊர்க்காரர் எறிகிற போத்தலை நாங்கள் கழுவிக் கவிழ்த்து வைப்போம், பிறகு எதற்காவது உதவும். வெளியில் எழுதி ஒட்டுகிற பழக்கமும் கிடையாது, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் எது எது என்று தெரியுமே.

இன்னொரு பழக்கமும் எங்களுக்கு உண்டு. எதையும் பெரிதாக வாங்கிப் பிரித்துக்கொள்வோம். அரிசி மூட்டையும் அப்படித்தான், ஆட்டிறைச்சியும் அப்படித்தான். அத்தானுக்குப் பியரில் இரண்டு கூட்டாளிகள். ஒருவர் யாழ்ப்பாணத்து இராசலிங்கம் அண்ணை, தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மற்றது கொட்வின், எங்கள் கோயில் பொடியன், இப்போது கலியாணம் கட்டிப் பிள்ளையும் இருக்கிறது. மூன்று பேரும் சேர்ந்து நுரை மருந்தில் பெரிய நீலப் பிளாஸ்டிக் கான் ஒன்று வாங்கினார்கள். சித்திரை மாதக் கடைசியில் அத்தான் கெல்லரில் நின்று, கண்ணாடி போட்டு, கையுறை போட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் பங்கு பிரித்தார். தன் பங்கு கானிலேயே இருந்தது. இராசலிங்கம் அண்ணைக்கு ஒரு பழைய வினாகிரிப் போத்தல். கொட்வினுக்கு ஊற்ற நல்ல போத்தல் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்ததில் ஒரு கெவலார் போத்தல் அகப்பட்டது.

கெவலார் மாதா கோயிலுக்கு ஒவ்வொரு ஆவணியிலும் ஜேர்மனியில் இருக்கிற தமிழர்கள் திரண்டு போவோம். சைவக்காரரும் வருவார்கள். திரும்பும்போது ஆளுக்கொரு போத்தலில் மந்திரித்த தீர்த்தம் கொண்டுவருவோம். மாதா படம் ஒட்டிய, தடித்த பிளாஸ்டிக்கில் இறுக்கமான மூடியோடு இருக்கிற போத்தல். இது முந்தின வருடத்துப் போத்தல், தீர்த்தம் முடிந்து வெறுமையாகக் கிடந்தது. ஒழுகாது, உடையாது, இதைவிடப் பத்திரமான போத்தல் எங்கே இருக்கிறது என்று அத்தான் நினைத்திருக்கிறார். கொட்வின் அன்று பின்னேரமே வந்து எடுக்கிறதாகச் சொன்னபடியால் அதில் ஒன்றும் எழுதவில்லை. கொட்வினின் பிள்ளைக்குக் காய்ச்சல், அவன் வரவில்லை. போத்தல் கெல்லரில் சைக்கிள் பக்கத்தில் நிலத்தில் நின்றது.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அக்கா உருளைக்கிழங்கு எடுக்கக் கெல்லருக்குப் போனாள். மாதா படம் ஒட்டிய போத்தல், நிறையத் தண்ணீரோடு, சைக்கிள் சில்லுக்கும் பழைய சப்பாத்துக்கும் நடுவில் தரையில் இருக்கிறது. அவளுக்கு நெஞ்சு பதறிவிட்டது. எடுத்துத் தன் மேற்சட்டையால் துடைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, மாதா சுருவத்துக்குப் பக்கத்தில் பீடத்தில் வைத்துவிட்டாள். புருசனைக் கேட்டால் சண்டை வரும் என்று வாய் திறக்கவில்லை. அவளைக் குறை சொல்ல ஏலாது. மாதாவை நிலத்தில் விட்டுவிட்டு உருளைக்கிழங்கைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண் எங்களில் ஒருத்தியும் இல்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். போத்தலைக் காணாத அத்தான், கொட்வின் வந்து எடுத்துவிட்டான் என்று நினைத்திருக்கிறார்.

வைகாசி வந்தது. மாதாவின் மாதம், வீட்டில் பின்னேரத்தில் செபமாலை சொல்லுவோம். அதே கிழமையில் அத்தானுக்குக் கண் பரிசோதனைக்கு டெர்மீன், அதாவது குறித்த நாள், கிடைத்திருந்தது. பஸ் ஓட்டுகிறவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டிச் சான்று வாங்கினால்தான் லைசென்ஸைப் புதுப்பிக்கலாம். கூட ஓட்டின ஒருவர் அதில் தேறாமல், இப்போது டிப்போவில் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அத்தானுக்கு அந்தப் பயம் ஒரு மாதமாக இருந்தது. ஓய்வூதியத்துக்கு இன்னும் வருடங்கள் கிடக்கின்றன. அதைவிட, அந்தச் சுக்கானைப் பிடித்தபடி இருக்கும்போதுதான் இந்த நாட்டில் தான் ஒரு ஆள் என்று அவருக்கு இருக்கும். "பஸ் ஓடாட்டி நான் ஆர் சுஜீவா?" என்று ஒருநாள் என்னிடமே கேட்டார். நான் ஏதோ பகிடி சொல்லிச் சமாளித்தேன்.

பரிசோதனைக்கு முதல் நாள் செபமாலைக்கு நான் மேலே போனேன். முடிந்ததும் அக்கா வழக்கம்போலத் தீர்த்தம் பூச எழும்பினாள். எனக்கு நெற்றியில் சிலுவை போடுவதற்கு முன்பே, "இண்டைக்கு முதல் உங்களுக்கு. கண்ணாடியைக் கழட்டுங்கோ" என்று அத்தானிடம் சொன்னாள். பாவித்துக்கொண்டிருந்த தீர்த்தம் முதல் நாளோடு முடிந்திருந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்தப் போத்தலைத் திறந்து விரலில் சாய்த்து, மூடிய இமை இரண்டிலும் தாராளமாகப் பூசினாள். "நாளைக்கு மாதா இந்தக் கண்ணால பாக்கட்டும்" என்றாள். அத்தான் சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தார்.

அவர் கத்தவில்லை. "அன்ரனிற்றா, இதென்ன?" என்று மட்டும் கேட்டார். கேட்டபடியே கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

"தீர்த்தம். ஏன், என்ன?"

"எரியுது. கண் எரியுது."

அவருடைய முகம் போன போக்கைப் பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது, இது விளையாட்டில்லை. "கசக்காதேங்கோ அத்தான்" என்று கையைத் தட்டிவிட்டு, சட்டையில் பிடித்து இழுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். இடையில் அக்கா குசினியிலிருந்து ஒரு கோப்பை பாலோடு வந்தாள். கண்ணில் ஏதாவது பட்டால் பால் விடுவது எங்கள் வழக்கம். "பாலும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், தள்ளு" என்று அவளைத் தள்ளியே விட்டேன். பேக்கரியில் அடுப்புக் கழுவுகிற மருந்து கண்ணில் பட்டால் என்ன செய்யவேண்டும் என்று வருடாவருடம் எங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். தண்ணீர், தண்ணீர், பிறகும் தண்ணீர். ஷவரை வெதுவெதுப்பாகத் திறந்து, தலையைத் தொட்டிக்குள் குனியவைத்து, விரலால் இமையைப் பிரித்துப் பிடித்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஓடவிட்டேன். மற்றக் கையால் நச்சு அவசர எண்ணுக்கு அடித்து, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கழுவுதொட்டி மேல் வைத்தேன்.

ஒரு பெண் எடுத்தாள். நிதானமான குரல். தண்ணீரை நிறுத்தவேண்டாம் என்றாள். என்ன பொருள் பட்டது என்று கேட்டாள். புனிதத் தண்ணீர் என்று டொச்சில் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. தெரியாது, தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று என்றேன். அதைத் தெரிந்துகொள்வது முக்கியம் என்றாள்.

அப்போதுதான் தொட்டியில் அதைக் கண்டேன். அத்தானின் கன்னத்திலிருந்து வழிந்த தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு போனது. நான் சவர்க்காரம் எதுவும் தொடவே இல்லை.

"அத்தான், நுரை வருது."

அவர் அசையாமல் நின்றார். "நல்லா நுரைக்குதோ?"

"ஓம்."

"இஞ்சேரும், அந்தப் போத்தல் எங்க இருந்தது?"

கதவடியில் நின்ற அக்கா, "கெல்லரில. சைக்கிளுக்குப் பக்கத்தில நிலத்தில கிடந்தது, நான்தான் மேல கொண்டந்தனான்" என்றாள்.

பிறகு அத்தான், "அது தீர்த்தமில்லை. என்ர நுரை மருந்து. தண்ணி கலக்காதது. ஊத்தினது நான்" என்றார். அக்கா அப்படியே சுவரில் சாய்ந்தாள். "நீலக் கானைக் கொண்டாரும். அதில எழுதிக்கிடக்கு, சுஜீவா வாசிச்சுச் சொல்லட்டும்" என்று அவர்தான் அவளை உசுப்பி அனுப்பினார். மூன்று மாடி இறங்கி ஏறி, முழங்கால் வருத்தக்காரி, அந்தக் கானைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் பெயரையும் அமிலத்தின் பெயரையும் அந்தப் பெண்ணுக்கு எழுத்தெழுத்தாக வாசித்தேன். கழுவிக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸை வரச்சொல்கிறேன், அந்தக் கானையும் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள் என்றாள். ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்து கையை எடுக்கச் சொல்லும் வரைக்கும் நான் கழுவினேன். என்னுடைய முதுகு அதற்குப் பிறகு ஒரு கிழமை என்னோடு சண்டை பிடித்தது.

கண் ஆஸ்பத்திரியில் இன்னும் கழுவினார்கள். ஒரு தாள்துண்டை இமைக்குள் வைத்து அமிலம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்தார்கள். மருத்துவர் வெளியே வந்து, இரண்டு கண்ணிலும் மேல்தோல் வெந்திருக்கிறது, இடது கண்ணில் கூடுதலாக, உடனே கழுவியபடியால் ஆறுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். பழைய பார்வை முழுக்க வருமா என்று நான் கேட்டேன். பொறுத்திருந்துதான் பார்க்கவேண்டும் என்றார். பஸ் ஓட்டக்கூடாது. பரிசோதனை டெர்மீன் தள்ளிப்போனது. நேரத்துக்கு நேரம் விடச் சொல்லிச் சொட்டு மருந்து தந்தார்கள்.

அக்கா தன் வலதுகை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூசின விரலின் நுனி வெளிறித் தோல் உரிந்திருந்தது. அதையும் மருத்துவரிடம் காட்டு என்றேன். அவள் கையை மடித்து மறைத்துக்கொண்டாள். "என்ர கையால" என்றாள். வீட்டுக்கு வரும்வரைக்கும் அவள் சொன்னது அந்த ஒரு வசனம்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. அத்தான் கறுப்புக் கண்ணாடியோடு கதிரையில் இருப்பார். அக்கா சமைப்பாள், உடுப்புத் தோய்ப்பாள், செபமாலை சொல்லுவாள், ஆனால் ஒருவர் நெற்றியிலும் கை வைக்க மாட்டாள். சொட்டு மருந்தைத் தொடவே மாட்டாள். மருந்துப் பெட்டி இருந்த மேசைப் பக்கம்கூடப் போகமாட்டாள். ஆகவே அது என் தலையில் விழுந்தது. வேலைக்குப் போக முன்பு ஒருதரம், வந்து ஒருதரம், படுக்க முன்பு ஒருதரம் என்று மாடி ஏறி இறங்கினேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "போத்தலில பேர் எழுத உங்களுக்கு என்ன கை முடமோ?" என்று அத்தானைப் பிடித்துக் கிழித்தேன். "ஓம், பிழைதான்" என்றார். "உனக்கு அவர்தானே சொல்லுறார் தன்ர பிழை எண்டு, பிறகேன் மூஞ்சியைத் தூக்கி வைச்சிருக்கிறாய்?" என்று அக்காவிடமும் சண்டைக்குப் போனேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அவள்மேல் இருந்தது கோபமே இல்லை. பயம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் இப்படியே பார்க்காமல் மிச்சக் காலத்தையும் ஓட்டிவிடுவார்கள் என்ற பயம்.

ஒரு சனிக்கிழமை அத்தான், இராசலிங்கம் அண்ணை வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ என்றார். அவருக்கு வெளிச்சம் கூசும், தனியாகப் போக ஏலாது. ட்ராமில் பிடித்துக் கூட்டிப்போனேன். அண்ணை தேத்தண்ணி போடச் சொல்லிவிட்டு, என்ன பீலிக்ஸ் இப்ப எப்படி என்று கதை தொடங்க, "அண்ணை, நான் தந்த மருந்து எங்க வைச்சிருக்கிறியள்?" என்று அத்தான் கேட்டார். அண்ணை குசினித் தொட்டிக்கு அடியிலிருந்த கதவைத் திறந்தார். வினாகிரிப் போத்தலில் அந்த மருந்து, அதற்கு ஒட்டினாற்போல உண்மையான வினாகிரிப் போத்தல், மற்றப் பக்கம் குளோரின். அங்கே அண்ணையின் மனுசி தேசிக்காய் ஊறுகாய் போடப் பக்கத்தில் வெட்டி வைத்திருக்கிறா.

"இதைத் திரும்பத் தாங்கோ அண்ணை."

"நாங்கள் என்ன சின்னப் பிள்ளையளோ பீலிக்ஸ்? எது எதெண்டு எனக்குத் தெரியும்தானே."

அத்தான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வெள்ளை விழி முழுக்கச் சிவந்து, இடது இமை வீங்கிக் கிடந்த முகத்தை அண்ணை அப்போதுதான் நேரே பார்த்தார். "எனக்கும் தெரியும் அண்ணை. ஊத்தினது நான், எனக்குத் தெரியாதோ? பூசினது அவள்." என்றார். "உங்களுக்குத் தெரியிறது ஊறுகாய் போடுற அக்காவுக்குத் தெரிய வேணுமே."

இராசலிங்கம் அண்ணை உடனே குனிந்து எடுத்தார். போத்தலை இரண்டு பையில் சுற்றி நிமிர்த்தி வைத்துத் தந்தார். அந்தப் போத்தலையும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த கெவலார் போத்தலையும், என்ன இருக்கிறதென்று பெரிதாக எழுதி ஒட்டி, நகரத்தின் நச்சுக்கழிவு வாங்குகிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மாதா படத்தை மட்டும் அத்தான் முதலில் மெதுவாக உரித்து எடுத்தார்.

பியரை விட்டுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். விடவில்லை. கண் கொஞ்சம் தெளிந்ததும் கெல்லரில் பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரி ஒன்று வந்தது. வெந்நீர்க் குழாய்க்குத் தள்ளி, குளிர்ச்சியான மூலையில் வைத்தார். நீலக் கான் அடித்தட்டில், மூடி இறுக்கி, எழுத்து முன்னால் தெரிய நிமிர்ந்து நிற்கிறது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அதற்கு மேல்தட்டில். இனிமேல் பங்கு பிரிப்பது கிடையாது, ஆளாளுக்குக் கடையிலிருந்து சின்னப் போத்தல், அது வந்த போத்தலிலேயே இருக்கும். தெளிக்கிற போத்தலில் கலந்து வைப்பதென்றால் அதில் பெயரும் திகதியும் ஒட்டவேண்டும். மிஞ்சினதைத் திரும்பக் கானுக்குள் ஊற்றக்கூடாது. இதெல்லாம் கொட்வினுக்கு ஃபோனில் சொல்லும்போது நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அலுமாரிச் சாவியில் ஒன்றை அக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. மேசையில் வைத்துவிட்டுப் போனார், மேசையிலேயே கிடந்தது.

ஆனியில் புது டெர்மீன் வந்தது. மருத்துவமனைக்காரர்கள் ஆறிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள், என்றாலும் இடது கண் வறண்டு போகும், அப்போது எழுத்து மங்கும். அன்று மூன்று பேரும் போனோம். அத்தான் யாருக்கோ கலியாணம் மாதிரிச் சட்டை போட்டிருந்தார். வரவேற்பில் இருந்த பெண் அவருடைய கண்ணைப் பார்த்துவிட்டு, வறண்டிருக்கிறது, உங்கள் சொட்டு மருந்தை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் இருங்கள், பிறகு கூப்பிடுகிறேன் என்றாள்.

மருந்து என் கைப்பையில் இருந்தது. எடுத்தேன். அத்தான் கதிரையில் தலையைச் சாய்த்தார். பக்கத்தில் அக்கா, தரையைப் பார்த்தபடி, மூட்டை மாதிரி. எனக்கு அந்த நேரத்தில் என்ன வந்ததோ தெரியாது. சின்ன மருந்துப் போத்தலை அக்காவின் கைக்குள் திணித்தேன்.

"இந்தா. இண்டைக்கு என்னால ஏலாது."

"ஏன், உன்ர கைக்கென்ன?"

"ஒண்டுமில்லை. ஏலாது எண்டா ஏலாது."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து, கோட்டு மாட்டுகிற இடத்துக்குப் பின்னால் போய் நின்றேன். தவறிப்போய் அவள் இப்போது எழும்பி ஓடினால், பரிசோதனையும் போகும், வீடும் போகும்.

அவள் ஓடவில்லை. நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, போத்தலில் எழுதியிருந்த பெயரைத் தன் டொச்சில் எழுத்துக் கூட்டி உரத்து வாசித்தாள். கண்ணுக்கு விடுவது என்று எழுதியிருந்ததை வாசித்தாள். எந்த மாதம் வரைக்கும் பாவிக்கலாம் என்பதை வாசித்தாள். முடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். பக்கத்தில் காத்திருந்த ஒரு கிழவர் பத்திரிகையை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

"வாசிச்சிட்டீரோ?" என்று அத்தான் கேட்டார்.

"ம்."

"அப்ப விடும்."

அவர் தானே கீழிமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்தார். நான் விட்ட ஒவ்வொரு தடவையும் சின்னப்பிள்ளை மாதிரி இமையைச் சிமிட்டி, முகத்தைத் திருப்பி, என்னை மூன்று நான்கு சொட்டு வீணாக்க வைத்த அதே மனிதர். அக்கா போத்தலைக் கவிழ்த்தாள். முதல் சொட்டுக் கன்னத்தில் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். அத்தான் அந்த நுனியையே பார்த்துக்கொண்டு, சிமிட்டாமல் இருந்தார். சொட்டு நேரே உள்ளே விழுந்தது.

"எரியுதோ?"

"இல்லை."

"பொய் சொல்லாதேங்கோ."

"குளிருது. மற்றக் கண்ணும் இருக்கு, விடும்."

அவள் அழத் தொடங்கினாள், அழுதபடியே மற்றக் கண்ணுக்கும் விட்டாள். நானும் யாருடையதோ கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அழுகிற ஆள் நானில்லை.

அவரைக் கூப்பிட்டார்கள். கதவு மூடியது. நான் வந்து அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மருந்துப் போத்தலை அவள் எனக்குத் திருப்பித் தரவில்லை. கதவு திறந்தபோது அத்தானின் முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ் ஓட்டுகிற முகம். நேரே அக்காவிடம் வந்து நின்றார்.

"ஓடலாமாம்" என்றார். "கடைசி வரி வரைக்கும் வாசிச்சன்."

அக்கா எழும்பிக் கண்ணைத் துடைத்தாள். மருந்தைத் தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "பின்னேரம் நீ மேல வரத் தேவையில்லை. நான் விடுவன்" என்றாள். வராதே என்று என் அக்கா சொல்லி நான் சந்தோசப்பட்டது அந்த ஒரு நாள்தான்.